உறை

முந்நூறு இசைத்தட்டு வந்து இறங்கிவிட்டது.
உறைக்குக் காசில்லை.
அச்சகம் கேட்ட தொகைக்கு
டார்மோ இன்னொரு கிட்டாரே வாங்கிவிடுவான்,
தவணையில்.

வால்கேயாகோஸ்கியில் பிப்ரவரி.
ஏரிமேல் லாரி போகும் மாதம்.
பால்பெட்டி அட்டை வெட்டும் ஆலையில்
எனக்கு இரவு ஷிப்ட்.
நிறம் விலகி அச்சானதையெல்லாம்
கழிவுத் தொட்டியில் போடுவது என் வேலை.
போடாமல் கோட்டுக்குள் கொண்டுவந்தது
என் யோசனை.

ஒரு பசு. நீலப் புல்.
வாய் ஓரிடம், சிரிப்பு அரைவிரல் தள்ளி.

"இதிலா?" என்றான் இல்போ.
எங்கள் குழுவின் பெயர் 'கடைசி எச்சரிக்கை'.
பசு யாரையும் எச்சரித்ததாகத் தெரியவில்லை.
சரி, பசுவை உள்ளே திருப்பு,
வெளியே படம் வை என்றேன்.

படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.
பனிச்சறுக்குக் கொட்டகைக்குப் பின்னால்
நால்வரும் முறைத்துக்கொண்டு நிற்க,
எவருடையதோ ஒரு நாய் வந்து
இல்போவின் பூட்ஸ்மேல் காலைத் தூக்கியது.
அந்த நொடியில்தான் ஃபிலிம் தீர்ந்தது.
நாலு பேரும் ஈயென்று பல்லிளித்தபடி.

வியாழன் மாலை தேவாலய அலுவலகம் கூட்டுவது மார்யூட்.
சாவி அவளிடம்.
நகல் இயந்திரம் சூடாக ஐந்து நிமிடம் எடுத்தது,
அதுவரை வாளியில் உட்கார்ந்திருந்தோம்.
நகலை நகலெடுத்து
அதையும் நகலெடுத்து.
ஏழாவதில் கன்னக்குழி பள்ளமானது.
ஒன்பதாவதில் கண்கள் போயின.
பதினொன்றில்
பல்லிளித்துக்கொண்டிருந்த நாங்கள்
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம்.
பயமாக இருந்தது.
"நிறுத்து, போதும்" என்றான் டார்மோ
தன் முகத்தைப் பார்த்து.

பெயருக்கு எழுத்து வரையவில்லை.
மின்வாரியம் டார்மோவின் வீட்டுக்கு அனுப்பியிருந்த
நிஜமான கடைசி எச்சரிக்கையையே
கண்ணாடிமேல் கவிழ்த்தோம்.
அவன் அம்மாவின் பெயரை மறைத்த கட்டைவிரல்
என்னுடையது.
முந்நூறு உறையிலும்
என் ரேகை இருக்கிறது, திருடியதைப் போல.
திருடியதும்தான்.

மெழுகுப் பூச்சு அட்டையில் பசை நிற்கவில்லை.
ஸ்டேப்ளர் அடித்தோம்,
உறைக்கு ஆறு. விடிய விடிய.

தாம்பெரேயில் ஒரு பத்திரிகை எழுதியது:
இருளை இத்தனை இரக்கமில்லாமல் கையாண்டவர்கள்
இதுவரை இல்லை.
மார்யூட் படித்துவிட்டு
முழங்கையைத் தூக்கிக் காட்டினாள்.
அது இடித்துத்தான் கறுப்புத் திருகு
கடைசிவரை போயிருந்தது.

ஹாமென்லின்னா அரங்கத்துக்காரர்
உறையைப் பார்த்தே முன்பணம் கேட்டிருந்தார்,
நாற்காலி உடைந்தால் ஈடுகட்ட.
நாங்கள் போய் நின்றோம்,
கம்பளிக் கையுறை, ஃபிளாஸ்கில் காப்பி,
இல்போவுக்கு ஜலதோஷம்.
மனிதர் எட்டிப் பார்த்தார் எங்கள் பின்னால்.
"குழு எத்தனை மணிக்கு வருகிறது?"

அன்றிரவு இல்போ
உறையிலிருந்த முகத்தை வரவழைக்கப் பார்த்தான்.
மூக்குதான் ஒழுகியது.

மே மாதம் கெமியிலிருந்து ஒரு கடிதம்,
ஐலா என்று கையெழுத்து, வயது பதினான்கு.
ஸ்டேப்ளைக் கழற்றிவிட்டாளாம்.
உங்கள் படம் அலமாரிக்குள், மன்னிக்கவும்,
ராத்திரியில் ஒரு மாதிரி இருக்கிறது.
பசுவைச் சுவரில் குத்தியிருக்கிறேன்.
பிறகு ஒரு கேள்வி:
இரண்டாம் பக்கத்துப் பாட்டில்
சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்கிறதே,
அது எந்த வாத்தியம்?
அது இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை
என்கிறான் என் அண்ணன்.

ஆறாவது ஸ்டேப்ள்.
முனை மடங்காமல் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது
எத்தனை உறையில் என்று யார் எண்ணினார்கள்.

கடிதத்தை இரண்டுமுறை படித்த மார்யூட்
ஒன்றும் சொல்லவில்லை.
சனிக்கிழமை மேடையில்
அந்தப் பாட்டு வந்தபோது
முரசின் விளிம்பில், குச்சியின் பின்முனையால்,
டிக்.
டார்மோ திரும்பிப் பார்த்தான்.
அவள் நிறுத்தவில்லை.