இரண்டு நிமிடங்களுக்கு முன்

நாலரைக்கு எழுந்து ஐந்து குடத்தையும்
வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு ஓடினேன்.
கிழக்குத் தெரு முக்கில் லாரி இல்லை.
டயர்த் தடம் காய்ந்து கிடந்தது.
அதன்மேல் ஒரு நாய் படுத்திருந்தது,
என்னைப் பார்த்து எழக்கூட இல்லை.

'லாரி வந்துருச்சு, ஓடியாங்க' என்று
போன் சொன்னது முந்தாநாள் லாரியை.
இருநூற்றுப் பதினாலு லைக்.
அத்தனை பேர் நாக்கு நனைந்த செய்தி
பொய்யாக இருக்குமா?
பொய் இல்லை. பழசு.

ரிபாயா சிரித்தாள்.
மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறாய்,
சிவப்பா வெளுப்பா என்று.
போனில் மட்டும் மேலே கிடப்பதை
அப்படியே அள்ளிக்கொள்கிறாய்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.
'தொண்டி தண்ணீர்' என்று தட்டியதும்
முதலில் வந்தவர் வார்டு மெம்பர்.
குழாய்க்கு மாலை, குழாயைவிடப் பெரிய மாலை.
ஆறு மாசம் முந்தியது, தொள்ளாயிரம் லைக்.
அந்தக் குழாய்க்குள் இப்போது குளவி கூடு கட்டியிருக்கிறது.
அதை யாரும் போடவில்லை,
போட்டிருந்தாலும் எனக்கு வந்திருக்காது.

அடுத்தது, ட்ரோனில் எடுத்த கடல்.
எங்கள் கொல்லையில் நின்றாலே தெரிகிற கடல்தான்.
நீலத்தின் கீழே இதயம் இதயமாய்க் குவித்திருந்தார்கள்.
ஊரிலேயே அதிகமான தண்ணீர்,
ஒரு மிடறு இறங்காது.

அதற்கும் கீழே ஒரு ஜோக்:
அதிகாரி ஒருவரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிட்டார்களாம்.
நாலாயிரம் பேர் சிரித்திருந்தார்கள்.
நான் அந்தக் காட்டில் உட்கார்ந்து படித்தேன்.

சித்திரையில் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு
மணலில் ஊத்துத் தோண்டுவோம்.
மேலே நிற்கிற கலங்கலைக்
கொட்டாங்கச்சியால் இறைத்து எறியணும்,
மறுபடி தேங்கும், மறுபடி எறியணும்,
தோள் கடுத்து, போதும் என்று நிமிர்கிறபோது
அடியில் ஒரு கண் திறக்கும்.

அப்படித்தான் இறைத்தேன்.
மாலையை எறிந்தேன், ட்ரோனை எறிந்தேன்.
மூலையில் வடிகட்டி என்று ஒன்று,
அதற்குள் இன்னொரு வாசல்,
அதற்குள் சின்ன எழுத்தில் 'புதியவை முதலில்'.
ஏன் இத்தனை கதவுக்குப் பின்னால் வைத்தார்களோ.
மறுநாள் பார்த்தால் தானாகவே மூடியிருந்தது.
திறந்தேன். அடுத்த நாளும் மூடியிருந்தது.
இப்போதெல்லாம் பஜ்ர் தொழுத கையோடு
அதையும் ஒருமுறை தட்டிவிடுகிறேன்.

வியாழக்கிழமை வந்தது.
போட்டவன் பூவலிங்கம், லாரி கிளீனர்.
படம் இல்லை, பூ இல்லை, கும்பிடு இல்லை.
'செக்கடி தெரு. அர டேங் தான். சீக்ரம்'
இரண்டு நிமிடங்களுக்கு முன்.
லைக் ஒன்றுகூட விழாமல்
பிறந்த கன்றுபோல ஈரமாய் நின்றது.

லைக் போடப் பெருவிரல் போனது.
நின்றது.
போட்டால் மேலே ஏறும்,
ஏறினால் தெருவே ஓடிவரும்.
அரை டேங்க்.
ரிபாயாவை மட்டும் கூப்பிடலாமா என்று
யோசித்துக்கொண்டே வண்டியைத் தள்ளினேன்.
யோசித்து முடிக்கும்போது ஐந்தாவது குடம்
கழுத்துவரை வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு குடித்தேன்.
தொண்டை நனைந்ததும் மனசு உறுத்தியது.
அப்போது போட்டேன் அந்த லைக்கை.
எனக்கு முன் குடம் நிறைந்த பதினேழு பேரும்
அப்போதுதான் போட்டிருந்தார்கள்.
லாரி போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இரவுக்குள் நூற்றுத் தொண்ணூறு.
பூவலிங்கத்துக்கு யாரோ கிரீடம்கூட வைத்திருந்தார்கள்.
என் போனில் கீழே கீழே போய்விட்டது அது.
மற்றவர்கள் போனில் ஏறிக்கொண்டிருக்கும்.

விடிவதற்கு முன்
எண்ணெய் போடாத சக்கரம் ஒன்று கிறீச்சிட்டு
என் சன்னலைத் தாண்டுகிறது.
ரிபாயா வண்டி. காலிக் குடங்களின் சத்தம்.
எழுந்து, கொண்டி தேடி, திறந்து
பழசுடி என்று சொல்வதற்குள்
முக்குத் திரும்பிவிட்டாள்.