பிரித்துப் பார்க்கிறவள்

காலை ஐந்தரை மணி, யோகோஹாமா.
கடை திறக்க இன்னும் நாலரை மணி நேரம்.
வரிசையில் கனயோ நூற்றுப் பதினேழாவது ஆள்.
முன்னால் ஒருவன் மடக்கு நாற்காலியில் தூங்குகிறான்.
பின்னால் ஒருத்தி சோற்றுருண்டையைப் பிட்டுத் தின்கிறாள்.
எல்லோரும் விளையாட வாங்குகிறார்கள்.
இவள் உடைக்க.

"பரிசுக்கா?" என்கிறாள் கடைப்பெண்.
கொஞ்சம் யோசித்து, "ஆமாம்."
நீல ரிப்பன் கட்டிக்கொண்டு
எதிரியின் புதுப் பெட்டி
எதிரியின் ஆய்வறைக்கு
ரயிலில், மடியில் உட்கார்ந்து வருகிறது.

ரிப்பனைத் தொமொனரி சுருட்டிப் பத்திரப்படுத்துகிறான்.
அப்புறம் திருகாணிகள். நாற்பத்தொன்று.
போன தலைமுறைப் பெட்டியில் அறுபத்தாறு.
ஒரு திருகு குறைந்தால் நாலு நொடி மிச்சம்,
நாலு நொடியை ஒரு கோடியால் பெருக்கு.
பெருக்கிப் பார்த்த ஒருவன் அங்கே இருக்கிறான்.
முகம் தெரியாது. கை தெரியும்.

சில்லு, நினைவகம், செம்புக் குழாய், விசிறி
ஒவ்வொன்றாய் வெள்ளைத் துணியில் பரப்பி
விலை எழுதிக் கூட்டுகிறாள்:
நாற்பத்தேழாயிரத்து இருநூறு யென்.
ரசீதில் முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.
பெட்டிக்குப் பெட்டி ஏழாயிரத்து நானூறை
உள்ளே வைத்துக் கொடுக்கிறார்கள்,
ரிப்பன் இல்லாமல்.

யானையை நட்டத்துக்கு விற்கலாம்,
அங்குசத்துக்கு மட்டும் பேரம் கிடையாது.
ஓர் அங்குசம் எட்டாயிரம்.
இவள் கம்பெனியிலும் அதே யானை, அதே அங்குசம்,
தந்தத்தின் நிறம்தான் வேறே.

பிற்பகல் கூட்டத்தில் குவபாரா கேட்கிறார்:
"நாமும் ஐயாயிரம் குறைத்தால்?"
"எதில் குறைக்க?"
"விசிறியில்?"
"சத்தம் வரும்."
"விளையாட்டு நன்றாயிருந்தால் சத்தம் கேட்குமா?"
யாரும் பதில் சொல்லவில்லை,
ஏனென்றால் அந்த விளையாட்டுத்தான் போய்விட்டதே.

இந்நாளில் வெட்சி சூடாமலே ஆநிரை கவர்கிறார்கள்.
சப்போரோவில் முப்பது பேர்,
பனியில் நரி மேய்க்கும் சிறுமி ஒருத்தியை
ஒன்பது வருடமாகச் செதுக்கினார்கள்.
முதல் பாகம் இவர்கள் பெட்டியில் ஓடியது.
வெள்ளிக்கிழமை மாலை ஒரு கையெழுத்து.
திங்கள் காலை நரிகள்
வேலிக்கு அந்தப் பக்கம்.
கரந்தை சூடி மீட்கப் போக
பூ இருந்தது. பட்ஜெட் இல்லை.

மாலை ஆறுக்கு மேல்
வெப்பத்தகட்டின் அடியில் ஒன்றைப் பார்த்தாள்:
நகக்கண் அளவு கறுப்பு நுரைத் துண்டு.
கோணல். இயந்திரம் ஒட்டியதல்ல,
கடைசி வாரத்தில் யாரோ பதறிப்போய்
கையால் ஒட்டச் சொன்னது.
சுருள் கீச்சிடும். அதற்கு.
இவளும் ஒட்டியிருக்கிறாள், இரண்டு வருடத்துக்கு முன்,
ராத்திரி மூன்று மணிக்கு, ஏறக்குறைய அதே இடத்தில்.
படிவத்தில் எழுதினாள்:
பாகம், நுரை. விலை, இரண்டு யென்.
பயன் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

எல்லோரும் போன பிறகு
பெட்டியைத் திரும்பப் பூட்டினாள்.
நாற்பது திருகு ஏறியது.
ஒன்று மேஜைக்கடியில் உருண்டு
இன்றுவரை கிடைக்கவில்லை.

பையைத் திறந்தாள். நரி விளையாட்டு.
எட்டாயிரம் யென், சொந்தக் காசு,
செலவுக் கணக்கில் எழுத முடியாதது.
ஏழாயிரத்து நானூறு கொடுத்த கை
எட்டாயிரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது,
முதல் நாளே, அதுவும் இவளிடம்.
சிரிப்பு வந்தது.

விசிறி சுழன்றது. காது அனிச்சையாய் அதை அளந்தது:
முப்பத்தொரு டெசிபெல், பரவாயில்லை.
திரையில் பனி விழத் தொடங்கியதும்
அளக்க மறந்துவிட்டாள்.

உன் பெயர் என்ன என்று திரை கேட்டது.
சொந்தப் பெயரை எதிரியிடம் கொடுப்பதா?
பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த சொத்து எண்ணைத் தட்டினாள்.
சிறுமி பனியிலிருந்து திரும்பிப் பார்த்து
கை காட்டிக் கூப்பிடுகிறாள்:
"கே இருநூற்றொன்பது, சீக்கிரம் வா,
நரிகள் காலையிலிருந்து பட்டினி."