கீழிருந்து மேலே

சுவரைக் கீழிருந்து மேலே கழுவ வேண்டும்.
மேலே தொடங்கினால்
அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடாய் இறங்கி
அங்கேயே குடியிருந்துவிடும்.
போத்தலின் முதுகில் எழுதியிருக்கிறது.
நான் வாசித்தது மூன்றாவது வீட்டில்.
முதல் இரண்டு வீட்டுக்காரரும் மன்னிக்க.

டூங்காபி, ஸ்டேஷனுக்குப் பின்னால்,
இரண்டாம் மாடி, ஏழாம் இலக்கம்.
இருந்தவர்கள் நேற்றுப் போய்விட்டார்கள்.
திங்கள் பத்து மணிக்கு ஏஜென்ட் வருவாள்,
கதவின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பாள்.
நான்கு கிழமை வாடகை முற்பணம்
அந்த விரல் நுனியில் இருக்கிறது.

சுவிட்சைச் சுற்றிச் சாம்பல் வளையம்,
இருட்டில் தேடிய கைகள்.
கழிவறைக் கதவில் முழங்கால் உயரத்தில் ஐந்து விரல்,
மாம்பழமோ ஜாமோ,
உள்ளே இருந்தவர் வெளியே வரும்வரை
பொறுக்க முடியாத யாரோ.
குசினியில் அடுப்புக்கு மேலே கடுகு வெடித்த புள்ளிகள்
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.
தாளித்தவர் இடதுகைக்காரர்.

ஏஜென்டின் பட்டியலில்
முன்கதவு நிலை, மஞ்சள் கறை, காரணம் தெரியாது
என்றிருந்தது.
எனக்குத் தெரியும்.
மரிவிக்கிடம் சொல்லவில்லை.
சோடாத்தூளைக் குழைத்துப் பூசி
பத்து நிமிடம் விட்டு மூன்று பொட்டையும் துடைத்தேன்.
துடைக்கும்போது சப்பாத்தைக் கழற்றியிருந்தேன் என்பது
பிறகுதான் தெரிந்தது,
காலில் ஈரம் பட்டபோது.

பிறகு ஹால்.
சோபா கிடந்த இடத்துக்கு மேலே
ஒரு தலை.
தலை இல்லை, தலை சாய்ந்த எண்ணெய்.
தோசைக்கல் அகலம், நடுவில் கடும் பழுப்பு,
ஓரம் போகப் போக மங்கல்.
இரவில் டிவி பார்க்கிறவனுக்கு
இப்படி வராது.
பகல் முழுக்க, வேலைக்குப் போகாமல்,
கூரையைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள்
எத்தனை மாதம் சாய்ந்தால்
சுவர் இவ்வளவு குடிக்கும்?

பூஞ்சணமா என்று கேட்டாள் மரிவிக்.
எண்ணெய் என்றேன்.
சுவருக்கா என்றாள்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
அவள் நிறுத்திய பிறகும்
நான் கொஞ்சம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.
கிடங்கை மூடி எல்லாரையும் அனுப்பிய வருடத்தது.
மேலே காலண்டர் மாட்டியிருக்கிறேன்.
ஏன் இவ்வளவு பதிவாய்த் தொங்குகிறது என்று
வருகிறவர்கள் கேட்பார்கள்.
யோகேந்திரன் ஒன்றும் கேட்கவில்லை.
சோபாவின் மற்ற நுனிக்கு
ஒதுங்கிக்கொண்டார்.

சுகர் சோப் ஒரு மூடி, வெந்நீர் அரை வாளி.
பஞ்சை அழுத்தக் கூடாது,
அழுத்தினால் பெயின்ட் கையோடு வரும்.
கீழிருந்து மேலே, வட்டம் வட்டமாய்,
ஒரு தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல
எண்ணெயை எடுத்தேன்.

போனது.
போன இடம் வெள்ளையாய் நின்றது.
அப்போதுதான் தெரிந்தது
மிச்சச் சுவர் முழுக்க அழுக்கென்று.
முந்தி இருட்டாய் இருந்த தலை
இப்போது வெளிச்சமாய், அதே அளவில்.
ஏஜென்ட் உள்ளே வந்ததும்
முதலில் அதைத்தான் பார்ப்பாள்.

மரிவிக் மணிக்கூட்டைப் பார்த்தாள்.
மூன்றுக்கு வென்ட்வொர்த்வில்லில் அடுத்த வீடு.
கெட்ட வார்த்தை ஒன்றை
தன் மொழியில் மெல்லச் சொன்னாள்.
எனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.
வாளியைக் கொட்டிப் புதுத் தண்ணீர் பிடித்தேன்.
அவள் யன்னல் பக்கம், நான் கதவுப் பக்கம்,
குந்தியிருந்து
அடிப்பலகையில் தொடங்கினோம்.

இரவு வீட்டுக்கு வந்து, சாப்பிட முன்னம்,
காலண்டரை இரண்டு முழம் மேலே
மாற்றி மாட்டினேன்.
பழைய ஆணி சுவரில் நின்றது,
அதையும் குறட்டால் பிடுங்கினேன்.
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.
கொஞ்ச நேரம் கழித்து
நகர்ந்து வந்து
சாய்ந்தார்.