பெட்ரோல் பங்க் துண்டு

பகலெல்லாம் பிறர் வாய்க்குள் குனிந்து கிடப்பவள் நான்.
ஜூரா மலையடிவாரத்தில் பல் மருத்துவம்,
இருபத்திரண்டு ஆண்டு.
எந்தக் கடைவாயில் எது சொத்தை என்று
விரல் வைத்தே சொல்லிவிடுவேன்.
நாக்கைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது.
வேலைக்குக் குறுக்கே வரும் சதை, அவ்வளவே.

ஃபுல்பேர் க்ரோபெரான்,
நிலவறையில் சீஸ் சக்கரங்களைத் திருப்பிப்போடும் ஆள்,
பல் பிடுங்கிய மறுவாரம்
செய்தித்தாளில் சுற்றி ஒரு துண்டு வைத்துவிட்டுப் போனார்.
முதல் கடி: பால், உப்பு, கொஞ்சம் ரப்பர்.
இரண்டாவது கடி:
கடுக்.
பல் போயிற்றென்று பதறினேன், தொழில் புத்தி.
பல் இல்லையாம்.
ஆற அமர முதிர்ந்தால்
உள்ளே மணல்மணலாய் உறையுமாம் காலம்.

அன்றைக்கு நீண்ட நாக்கு
இன்னும் உள்ளே போகவில்லை.

ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கினேன்.
வறுத்த ஹேசல்கொட்டை.
நனைந்த வைக்கோல்.
வெங்காயம் வதங்கிச் சிவக்கும் முன் ஒரு நொடி.
மகள் முகர்ந்து பார்த்து
"அம்மா, இது கால்பந்துக் காலுறை" என்றாள்.
அதையும் எழுதிக்கொண்டேன், சரியாகத்தான் சொன்னாள்.
உலர்புல் தின்ற பனிக்காலப் பால் வெளுப்பு,
பூ மேய்ந்த கோடைப் பால் மஞ்சள்
என்று ஃபுல்பேர் சொல்லித் தந்தார்.
சின்னச் சுத்தியால் சக்கரத்தைத் தட்டி
காதை வைத்துக் கேட்பார், உள்ளே விரிசல் உண்டா என்று.
நானும் தட்டிப் பார்த்தேன்.
எனக்குக் கேட்டதெல்லாம் டொக், டொக்.

புதன்கிழமை இரவு, பள்ளி உணவுக்கூடம்,
ஒன்பது பேர், குழந்தைகளின் குட்டை நாற்காலிகள்,
பெயரில்லாத தட்டுகள்.
நான்காம் தட்டில் எழுந்தே நின்றுவிட்டேன்:
"ஜூன் மாதப் பால். தெற்குச் சரிவு.
மேய்ச்சலில் எங்கோ காட்டுப்பூண்டு.
இருபது மாதத்துக்குக் குறையாது!"
தலைகள் ஆடின. ஒருவர் கைகூடத் தட்டினார்.
ஓய்வுபெற்ற நோட்டரி ஒதில் பூவ்ரே
துணியை விலக்கினாள்:
பெட்ரோல் பங்கில் விற்கும் பிளாஸ்டிக் பொட்டலம்,
மேலே தள்ளுபடிச் சீட்டு.

நாக்கை நம்பிப் போய்
மூக்குடைந்து வந்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. பங்குக்குப் போனேன்.
மூன்று பொட்டலம் வாங்கி
கார் விளக்கைப் போட்டுக்கொண்டு தின்றேன்.
லாரிக்காரர்கள் பார்த்தார்கள்.
என்ன சொல்ல, நன்றாகத்தான் இருந்தது.
நான் கட்டிய மலைதான் அதில் இல்லை.
பொட்டலத்தின் பின்னால், எறும்பளவு எழுத்தில்,
பால்பண்ணையின் எண்.

சனிக்கிழமை அந்த எண்ணைத் தேடிப் போனேன்.
பதினோரு வீடு, ஒரு செப்புக் கொப்பரை,
முழங்கை வரை மோர் வழிய லுதிவீன் ழானான்.
"தெற்கா?" சிரித்தாள்.
"மதியம் மூன்றுக்கே எங்களுக்கு வெயில் போய்விடும்.
வடக்கு, சுத்த வடக்கு. எட்டே மாதம்."
"காட்டுப்பூண்டு?"
கையைத் துடைத்தாள். யோசித்தாள்.
"ஓடைக்கரையில் உண்டு.
வேலியைத் தாண்டித் திருட்டுத்தனமாய்ப் போகும்,
இரண்டு மாடு. உனக்கு யார் சொன்னது?"

நோட்டில் தெற்கை அடித்தேன். இருபதை அடித்தேன்.
பூண்டின் கீழ் கோடு போட்டேன்
தாள் கிழியும்வரை.

திங்கட்கிழமை முதல் நோயாளியிடம்
"நாக்கை நீட்டுங்கள்" என்றேன்.
"வலி பல்லில்தான் டாக்டர்" என்றார்.
தெரியும், என்றேன்.
சும்மா பார்க்கிறேன்.