பெற்றோர் கல்வித் தகுதி

டிரைவர் புள்ளைக்குப் பாதி பீஸ்தான்னு
ஆபீசுல சொன்ன அன்னைக்கு
வண்டியைக் கழுவாம வீட்டுக்கு வந்துட்டேன்.

பாதின்னாலும் இருபத்தி ரெண்டாயிரம்.
பொஸ்தகம், பெல்ட்டு, கருப்பு ஷூ,
புதன்கிழமைக்குன்னு வேற ஒரு வெள்ளை ஷூ.
வேன் பீஸ் மட்டும் வேண்டாம்ன்னாங்க.
வேனே நாந்தானுங்களே.

கோகிலா பனியன் கம்பெனியில செக்கிங்.
லைட்டுக்குக் கீழ துணியை விரிச்சு
ஒரு எண்ணெய்ப் பொட்டு இருந்தாலும்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கூடையில போடறவ.
"பையர் ஒருத்தன் வந்து என்றகிட்ட என்னமோ கேட்டான்.
நான் சிரிச்சேன்.
பக்கத்துல நின்னவ பதில் சொன்னா.
அடுத்த மாசம் அவ சூப்பர்வைசர்.
என்ற புள்ள சிரிச்சுட்டு நிக்கக் கூடாது."
அதுக்கு மேல அவ பேசல.
எனக்கும் எதிர்ப்பேச்சு வரல.

ஆனா கண்ணாடியில நான் பாக்கறது வேற.
பதினெட்டுப் புள்ளைங்க.
அருள்புரம் வரைக்கும் ரைம்ஸ்.
அப்பறம் சன்னல் சீட்டுக்குச் சண்டை, தமிழ்ல.
அழுகை, அதுவும் தமிழ்லதான்.
பொழுதோட, வாயைத் தொறந்து தூங்கற தர்ஷனை
எழுப்பி டியூசன் வாசல்ல எறக்கறவன் நான்.
மனசு கேக்காம ரெண்டு சுத்து சுத்தி
லேட்டா எறக்கினதும் உண்டு.

பாரம் வாங்கப் போனேன், அதே காக்கிச் சட்டையோட.
ஆறு வருசமா அந்த ஏசி ரூமுல
நாற்காலிக்குப் பக்கத்துல நின்னிருக்கேன்,
உக்காந்ததில்ல.
"அண்ணா, வண்டி ஏதாச்சும் ரிப்பேருங்களா?"
தப்பா ஒண்ணும் கேக்கல அந்தப் புள்ள.
பெற்றோர் கல்வித் தகுதிங்கற கட்டத்துல
ஹெவி லைசென்ஸ்னு எழுதலாமான்னு
நான்தான் ரோசனை பண்ணிக்கிட்டிருந்தேன்.

"கெவர்மெண்ட்டுல போடுங்க மாமா,
ஏழரை சதவீதம் இருக்குது, டாக்டர் சீட்டு"ன்னான் மச்சினன்.
ஏழரைன்னு காதுல விழுந்ததும்
கட்டல்ல படுத்திருந்த சித்தப்பா எந்திரிச்சு
"சனிக்கெழமை எள்ளு தீபம் போட்ருங்க"ன்னாரு.

ஊராட்சிப் பள்ளிக்கு ஒரு மத்தியானம் தனியாப் போனேன்.
ரெஜினா டீச்சர் ஸ்மார்ட் போர்டு காட்டினாங்க.
கக்கூசைப் பாக்கணுங்கன்னேன்.
கொழாயில தண்ணி வந்துச்சு.
கழுவியுந்தான் இருந்துச்சு.
பொட்டப்புள்ளைங்க கதவுல தாப்பாள் இல்ல.
"மார்ச்சுலயே எழுதிக் குடுத்தாச்சுங்க"ன்னாங்க.
முக்குக் கடையில எழுபது ரூபா.
வண்டி ஸ்க்ரூடிரைவர்லயே மாட்டினேன்.
வெளிய நின்னு இழுத்துப் பாத்தேன்.
உள்ள போயும் போட்டுப் பாத்தேன்.
அப்ப எதுவும் முடிவு பண்ணல.
சும்மா மாட்டினதுதான்.

"எழுபது ரூபாய்க்காப் புள்ளையக் குடுத்தீங்க?"
அதுக்கப்பறம் ரெண்டு நாள்
தட்டுல சோறு மட்டும் விழுந்துச்சு.
காலிக் கட்டங்களோட அந்தப் பாரம்
இன்னும் டேஷ்போர்டுக்குள்ளதான் கெடக்குது.

மௌலிகா போக ஆரம்பிச்சு மூணாவது வாரம்.
நெலக்கடலையை ஒண்ணொண்ணா நவுத்தி வெச்சு
தனக்குத்தானே எண்ணிக்கிட்டிருந்தா.
"ஏக. துயி. தினி. சாரி."
சாரின்னதும் அடுப்படியில இருந்து
கோகிலா தலை எட்டிப் பாத்துச்சு.
"இங்கிலீசு சொல்லித் தர்றாங்களா கண்ணு?"
"பாஞ்ச"ன்னா மௌலிகா.
"லிப்ஸா சொல்லிக் குடுத்தா."

லிப்ஸா யாருன்னு கேக்க வேண்டியதில்ல.
கோகிலா லைன்ல முப்பது பேரு ஒடிசாக்காரங்க.
பண்டல் கட்டறப்போ
நாள் பூராவும் காதுல விழற எண்ணிக்கை.
சிரிச்சுட்டா. பொறங்கையால வாயைப் பொத்திக்கிட்டா.
அப்பறம் கரண்டியோட அங்கயே நின்னா,
ரசம் பொங்கினது கூடத் தெரியாம.

"ஆறுக்கு என்ன?"
"அது நாளைக்குத்தான் சொல்லுவாளாம்."