கணக்கில் சேராத ஆட்டம்

கெமி நகரத்துக்கு வெளியே, சறுக்குத் திடலில் எனக்கு வேலை.
ஓட்டுநர் உரிமம் கேட்டு வருகிறவர்கள்
நனைந்த தகட்டின்மேல் பிரேக்கை மிதித்து
பம்பரமாய்ச் சுழன்று
கூம்புகளைச் சாய்த்துவிட்டுப் போவார்கள்.
நான் நிமிர்த்தி வைப்பேன்.
ரப்பர் கடமான் ஒன்று இருக்கிறது. பெயர் யால்மரி.
ஒரே நாளில் பதினோரு தடவை செத்ததுண்டு.
அதையும் நான்தான் நிமிர்த்துவேன்,
கழுத்தில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு.

இரவில் எனக்கு நிலவறை.
கறுப்புத் திரை. நான் அதில் ஒரு சுழித்த குறி.
எதிரே வருவதெல்லாம் எழுத்துகள்:
சின்ன எழுத்து என்றால் எலியோ நாயோ,
பெரிய எழுத்து என்றால் ஓடு.
ஒரே உயிர். போனால் போனதுதான்.
சேமித்ததையும் அழித்துவிட்டு
கோடுகளால் ஒரு கல்லறை வரையும் ஆட்டம்,
என் பெயரைப் பொறித்து,
கீழே காரணத்தையும் எழுதும், கூச்சமே இல்லாமல்:
அழுகிய இறைச்சி தின்றதால்.

பதினாலு வருடம். முந்நூற்றுச் சொச்சம் கல்லறை.
ஒன்பதாம் தளத்துக்குக் கீழே நான் பார்த்ததில்லை.
அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.
ஏன் என்று கேட்காதீர்கள்.

ஹில்க்கா பயிற்சி முறையில் ஆடுவாள்.
அங்கே சாவு வெறும் கேள்வி.
சாகட்டுமா? என்று கேட்கும்.
அவள் 'என்' விசையை அழுத்துவாள்,
எழுந்து நிற்பாள், நேற்றுப் பிறந்தவள் மாதிரி.
ராட்சதன் மிதித்தான். என்.
தன் கோடரி தன் காலிலேயே விழுந்தது. என்.
குளவிக் கூட்டம்: என், என், என்.
விசைப்பலகையில் அந்த ஒரு எழுத்து மட்டும்
வெளுத்துப்போயிருந்தது.

"இதெல்லாம் பட்டியலில் ஏறாது" என்றேன்.
"மளிகைப் பட்டியலே எனக்குப் போதும்" என்றாள்.
"மிதவை கட்டிக்கொண்டு
கடலைத் தாண்டினேன் என்பாயா?" என்றேன்.
அவள் திரும்பவில்லை.
"போய் உன் யால்மரியைக் கேள்."

இருபத்துமூன்றாம் தளத்தில் ஓர் ஏரி இருக்கிறதாம்.
ஒவ்வோர் ஆட்டத்திலும் சுவர்கள் இடம் மாறும்,
ஏரி மட்டும் அங்கேயே கிடக்குமாம்.
அதைச் சுற்றி நடந்துவிட்டு வருவாள்,
எதையும் கொல்லாமல்,
ஞாயிற்றுக்கிழமை மாதிரி.
மேலே சொல்ல வாயெடுத்தால்
காதைப் பொத்திக்கொள்வேன்.

பிப்ரவரி. சீமோவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம்.
பத்தாயிரம் சறுக்கலை ஓரமாய் நின்று பார்த்தவன்,
ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.
தார்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி.
நடுவில் கடமான். ரப்பர் அல்ல,
மூக்கில் ஆவி விட்டது.

ஒலிபெருக்கியில் தினமும் யாருக்கோ சொல்லும் வாக்கியம்
என் காலுக்குக் கேட்டிருக்க வேண்டும்:
பிரேக்கை விடு. போக வேண்டிய பக்கம் பார்.
ஒன்றரைச் சுற்று. பின்பக்கம் பனிமேட்டில் ஏறி
வண்டி நின்றது. விளக்கு எரிந்தது. வைப்பர் ஓடியது.
கடமான் எங்களை யோசித்துப் பார்த்துவிட்டு
காட்டுக்குள் போனது.
யாரும் யாரையும் நிமிர்த்த வரவில்லை.

ஹில்க்காவின் விரல் என் தொடையில் இருந்தது.
ஒரே விரல். ஒரே இடத்தில்
அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பனிவாரி வண்டிக்கார ஓஸ்மோ வந்து இழுத்துவிட்டு
நாற்பது யூரோ வாங்கிக்கொண்டான்.

அன்று இரவும் ஒற்றை உயிரோடுதான் இறங்கினேன்.
நாலாம் தளத்தில், பெயர் தெரியாத மருந்தைக் குடித்து,
வழக்கம்போலக் கல்லறை.
திரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
அவள் அடுத்த அறையில் ஏதோ மடித்துக்கொண்டிருந்தாள்.

"பத்தாம் தளத்தில்..." என்று ஆரம்பித்தேன்.
"சொல்லட்டுமா?"
"வேண்டாம்.
ஒன்று மட்டும் சொல். அங்கே வெளிச்சம் உண்டா?"

கொஞ்ச நேரம் துணி உதறும் சத்தம்.

"சில அறைகளில்" என்றாள்.