குளிர்மாற்றம்

டார்னீட்டில் அன்றைக்கு நாற்பத்து மூன்று.
நான் வேலை பார்க்கும் லாவர்ட்டன் கிடங்கில்
உறைந்த பட்டாணிக்கு மைனஸ் இருபது.
இடையில் ஒரு ரப்பர்த் திரை.
நாளைக்கு முப்பது தடவை
கோடைக்கும் பனிக்கும் போய்வருகிறவனுக்கு
வானிலை பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்
என்றுதான் நினைத்திருந்தேன்.

காலையில் மகள் இட்லியைத் தள்ளிவைத்தாள்.
தொப்புளைச் சுற்றி வலி என்றாள்.
சூடு என்றேன்.
வேறென்ன, சுவரே காய்ச்சல்காரன் நெற்றி போலிருந்தது.
மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்தாள் சுகிர்தா.
தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன்,
இந்த விரலால்தான்.
ஒன்பது வயது நிறைமதி,
வாலு என்றே கூப்பிடுவோம்,
வலது காலை மடக்கிக்கொண்டு
சோபாவில் ஒருக்களித்துக் கிடந்தாள்.
வாலு அடங்கிவிட்டது என்று சிரித்தோம்.

அதையும் சொல்லத்தான் வேண்டும். சிரித்தோம்.

மத்தியானம் வலி வீடு மாறியது.
தொப்புளைக் காலிசெய்து வலப்புறம் இறங்கி
அங்கே பாய் விரித்துக்கொண்டது.
இரண்டு தடவை வாந்தி.
தர்பூசணி என்றேன்.
நீச்சல்குளத்துத் தண்ணீர் என்றாள் சுகிர்தா.
விதையை விழுங்கியிருப்பாள் என்றான்
போனில் அவள் அண்ணன்.
ஆளுக்கொரு காரணம் கையில் வைத்திருந்தோம்.
ஒருவர் கையிலும் கார் சாவி இல்லை.

ஆறரைக்கு அது வந்தது.
இந்த ஊரில் அதற்குக் காத்திருப்பார்கள்;
ஜீலாங் தாண்டிவிட்டது, வெரிபீ வந்துவிட்டது என்று
ரயிலுக்குச் சொல்வதுபோல் ரேடியோவில் சொல்வார்கள்.
தென்மேற்கிலிருந்து ஒரே காற்று.
குப்பைத்தொட்டிகள் தெருவில் உருண்டன.
பத்து நிமிடத்தில் பதினைந்து டிகிரி விழுந்தது.
பக்கத்து வீட்டு கிரெக் வெற்று மார்போடு
புல்லில் வந்து நின்றார்.
எதிர்வீட்டு சோமாலியப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.
நாங்கள் ஜன்னல்களைத் திறந்துகொண்டே போனோம்.

அப்போதுதான் நிறைமதி எழுந்து உட்கார்ந்தாள்.
போயிடுச்சு அப்பா, என்றாள்.
வலிக்கவே இல்ல.

பார்த்தாயா,
நான்தான் சொன்னேனே.
சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள் சுகிர்தா.
நான் சாமிக்கும் காற்றுக்கும் சேர்த்தே கும்பிட்டேன்.
அரைமணி நேரம்
அந்தத் தெருவிலேயே எங்களைப்போல்
மகிழ்ந்திருந்தவர்கள் இல்லை.

பிறகு அவள் பற்கள் கிடுகிடுத்தன.
ஜன்னலைச் சாத்தினேன். போர்வை.
இன்னொரு போர்வை.
குளிரில் நடுங்கும் உடம்பு எனக்குத் தெரியும்,
பத்து வருடச் சம்பளம் அதற்குத்தான்.
இந்தக் குளிர் வெளியிலிருந்து வந்ததில்லை.
வயிற்றைத் தொட்டேன்.
பலகை.

ஆஸ்பத்திரிக்கு அங்கே சன்ஷைன் என்று பெயர்.
வாசலில் மழை பிடித்துக்கொண்டது.

குடல்வால் வெடித்திருக்கிறது, என்றார் டாக்டர் டுவாங்.
வெடித்ததும் கொஞ்சநேரம் வலி விட்டுப்போகும்,
அதில்தான் ஏமாந்துவிடுகிறார்கள்.
வெயிலாலா என்று கேட்டேன்.
வெயில் என்று சொல்லிவிட்டால்
நான் தப்பித்துக்கொள்வேன் போல.
கோடையில் கொஞ்சம் அதிகம்தான் வருகிறார்கள், என்றார்.
கிருமி என்கிறார்கள், தண்ணீர் போதாமை என்கிறார்கள்,
முழுசாய் யாருக்கும் தெரியாது.
ஜூலைக் குளிரிலும் வெட்டி எடுத்திருக்கிறேன்.
இங்கே கையெழுத்து.

விடியும்வரை சுகிர்தா என்னோடு பேசவில்லை.
நானும் என்னோடு பேசவில்லை.
சத்தம் அணைத்த டிவியில்
நாளைக்கு இருபத்திரண்டு, இதமான நாள் என்று
ஒருத்தி வரைபடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.
வாலை பாட்டிலில் போட்டுத் தரவில்லையென்று
அவளுக்குக் கோபம்.

இது அடுத்த ஜனவரி.
காற்று திரும்புகிறது, கதவுகள் திறக்கின்றன,
கிரெக் புல்லில் நிற்கிறார்.
நான் மட்டும் உள்ளே போய்
அவள் சட்டையை உயர்த்தி, தழும்புக்குப் பக்கத்தில்
மெல்ல அழுத்திப் பார்க்கிறேன்.
ஐயோ அப்பா, அங்க ஒண்ணுமே இல்ல,
என்கிறாள்,
ஐபேடிலிருந்து கண்ணை எடுக்காமல்.